களத்து வேப்பமரத்தடியில் படுக்கும் பாட்டி: ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் ஏழாம் வகுப்புக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

குடியாத்தம் ஆசிரியை | கேள்வி

வணக்கம். குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து இப்படிக் கேட்டாள்: "இரவில் மரம் கெட்ட காற்றை விடும் என்கிறீர்களே டீச்சர், எங்கள் பாட்டி வெயில் காலம் முழுவதும் களத்து வேப்பமரத்தடியில்தான் கட்டில் போட்டுப் படுக்கிறாள். அவளுக்கு எழுபது வயதாகிறது. ஒன்றும் ஆகவில்லையே?"

வகுப்பே என்னைப் பார்த்தது. கார்பன் டைஆக்சைடு, செறிவு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் அவள் முகத்தில் தெளிவு இல்லை. அன்று மாலை பஸ்ஸில் வரும்போதும் அந்த முகம்தான் நினைவில் இருந்தது.

அடுத்த நாள் ஒரு சிறு தேர்வு வைத்தேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன?" 31 பேரில் 24 பேர் "இரவில் மட்டும்" என்று எழுதியிருந்தார்கள். இன்னும் மூன்று பேர் "பகலில் ஆக்சிஜனைச் சுவாசித்து விடும், இரவில் கார்பன் டைஆக்சைடைச் சுவாசித்து விடும்" என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இது அவர்கள் தவறு அல்ல. கரும்பலகையில் பகல் என்று ஒரு பக்கம், இரவு என்று ஒரு பக்கம் கோடு கிழித்து எழுதிப் போட்டது நான்தான். மனப்பாடம் செய்ய எளிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

சோதனையாகக் காட்டலாம் என்று ஸ்டார்ச் சோதனையும் செய்தேன். வெளிச்சத்தில் இலை தயாரிக்கும் ஸ்டார்ச் (மாவுச்சத்து) உள்ள இடம் அயோடின் பட்டால் கருநீலமாகும். பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தியில் ஓர் இலையின் நடுவில் காலையில் கறுப்புக் காகிதத்தைப் பொருத்தி, பிற்பகல் மூன்று மணிக்குப் பறித்து, பச்சையத்தை நீக்கி, அயோடின் விட்டேன். இலை முழுவதும் கருநீலமாகிவிட்டது. மூடிய பகுதியும் திறந்த பகுதியும் ஒரே நிறம். "அப்படியானால் வெளிச்சம் தேவையில்லையா டீச்சர்?" என்றான் ஒருவன். அவன் கேட்டது நியாயம்தான்.

ஆய்வகம் என்று சொல்ல எங்களுக்கு ஓர் அலமாரிதான் இருக்கிறது. பாடவேளை 40 நிமிடம். இதற்கு அடுத்து வருவது சூழ்நிலை மண்டலம், உணவுச் சங்கிலி. அதற்குப் போகும் முன் இந்த முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்.

ஆற்காடு வாசகர் | பதில்

வேப்பமரத்தைப் பற்றித் தெரியாது டீச்சர். ஆனால் அரசமரம் இரவிலும் பிராணவாயுவைத் தரும் என்று படித்திருக்கிறேன். அதனால்தான் நம் முன்னோர் குளக்கரையில் அரசை நட்டுப் பிள்ளையாரை வைத்தார்கள். பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள்.

காட்பாடி ஓய்வு வாத்தியார் | பதில்

அம்மா, 33 ஆண்டுகள் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முதல் பத்து ஆண்டுகள் நானும் பகல், இரவு என்று கோடு போட்டுத்தான் நடத்தினேன். அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். எல்லாக் குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒளிச்சேர்க்கை என்பது சமையல். சுவாசம் என்பது சாப்பிட்டதிலிருந்து தெம்பை எடுப்பது. நம் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறது என்று வையுங்கள். அதற்காக மற்ற நேரத்தில் உடம்பு வேலையை நிறுத்துவதில்லை. மரமும் அப்படித்தான். இலை, தண்டு, வேர், பூ, விதை என்று உயிருள்ள எல்லாப் பகுதியும் இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது, பச்சையம் உள்ள இடத்தில் மட்டும், அதோடு சமையலும் நடக்கிறது. நல்ல வெயிலில் சமையலின் வேகம் சுவாசத்தின் வேகத்தைவிடப் பல மடங்கு. அதனால் வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பிராணவாயு வருவது மட்டும் தெரிகிறது. உள்ளே சுவாசம் நிற்கவே இல்லை. விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டும் சமமாகிற ஒரு வேளை உண்டு. அப்போது இலை எதையும் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்பதுபோலத் தோன்றும்.

பாட்டி கதைக்கு வருகிறேன். மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, உண்மை. பாட்டியும் விடுகிறாள். ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். பக்கத்துக் கட்டிலில் பேத்தி படுத்தால் அவளும் விடுகிறாள். யாரும் "பேத்தியோடு படுக்காதே" என்று சொல்வதில்லை. களம் திறந்தவெளி, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஜன்னலைச் சாத்திய ஓர் அறையில் ஐந்து பேர் படுத்தால் வரும் புழுக்கம் அந்த மரத்தடியில் வராது. அந்தப் பெண்ணிடம் இதை இப்படியே சொல்லுங்கள். அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். அவள் பாட்டியே நல்ல ஆதாரம்.

ஆற்காடு நண்பருக்கு ஒரு வார்த்தை. அரசைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறார்கள், ஆனால் அது சரியில்லை. பிராணவாயு தண்ணீரைப் பிளப்பதால் வருகிறது. பிளப்பதற்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்த மரமும் அதைச் செய்ய முடியாது. சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி போன்றவை இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்துக்கொள்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, நீரை வீணாக்காமல், அதை வைத்துச் சமைக்கின்றன. அவையும் இரவில் பிராணவாயுவைத் தருவதில்லை. இதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலராக நம் தென்னாட்டில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நடுப்பகலில் சுவையற்றும் இருப்பதை மென்று பார்த்தே கண்டுபிடித்து 1813-இல் கடிதம் எழுதினார். இரவில் சேர்ந்த அமிலம்தான் அந்தப் புளிப்பு. அந்த இலையில் நஞ்சு உண்டு, பிள்ளைகள் மெல்லக் கூடாது. கதையாகச் சொன்னால் போதும்.

உங்கள் செம்பருத்தி ஏன் ஏமாற்றியது என்றால், முந்தைய நாள் சேர்ந்த ஸ்டார்ச் இலையில் அப்படியே இருந்திருக்கும். முதலில் அதைத் தீர்க்க வேண்டும். தொட்டிச் செடியானால் இரண்டு நாள் இருட்டறையில் வையுங்கள். நிலத்தில் உள்ள செடியானால் ஒரு கிளையை இரண்டடுக்குக் கறுப்புத் துணிப்பையால் இரண்டு நாள் கட்டி வையுங்கள். பிறகு காகிதத்தைப் பொருத்தி, நான்கைந்து மணி நேரம் வெயில் காட்டிப் பறியுங்கள். பச்சையத்தை நீக்க ஸ்பிரிட்டில் போடும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பாத்திரத்தில் வெந்நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகே ஸ்பிரிட் உள்ள சோதனைக் குழாயை வெந்நீருக்குள் வையுங்கள். ஸ்பிரிட் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், தீ தேவையே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எரிகிற அடுப்பின்மேல் நேராக வைத்தேன். குப்பென்று பிடித்தது. முன்வரிசையில் இருந்த பையனின் புருவம் பொசுங்கியது. அவன் அம்மா மறுநாள் பள்ளி வாசலில் வந்து நின்றதை இன்றும் மறக்கவில்லை.

சோதனை சரியாக வராததற்கு வருந்தாதீர்கள். ஜோசப் பிரீஸ்ட்லி 1771-இல் மெழுகுவத்தி அணைந்த காற்றில் புதினாத் தண்டை வைத்து, பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி எரிவதைக் கண்டார். மறுபடி செய்தபோது சில முறை வந்தது, சில முறை வரவில்லை. வெயில்தான் காரணம் என்று அவருக்குத் தெரியவில்லை. 1779-இல் யான் இங்கென்ஹவுஸ்தான் பச்சைப் பகுதி மட்டும், வெயிலில் மட்டும் காற்றைச் சீராக்குகிறது, இருட்டில் செடியும் காற்றைக் கெடுக்கிறது என்று நிறுவினார். உங்கள் வகுப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அதே முடிச்சில் அன்றைய பெரிய அறிஞர்களும் மாட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

இனி இரண்டு சோதனைகள். வேலம்பாசியைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு வெயிலில் வையுங்கள். ஏரியில் இல்லாவிட்டால் வேலூரில் வண்ணமீன் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். வெட்டிய தண்டு முனையிலிருந்து குமிழி வரும், எண்ணச் சொல்லுங்கள். தாழ்வாரத்து நிழலுக்கு மாற்றி மறுபடி எண்ணட்டும். பக்கத்தில் பாசி இல்லாத தம்ளர் ஒன்றும் இருக்கட்டும், தண்ணீர் சூடானாலும் சில குமிழிகள் வரும். இது சமையலைக் காட்டும்.

சுவாசத்துக்குப் பச்சை இலையைத் தொடவே தொடாதீர்கள். அங்கே இரண்டும் சேர்ந்து நடப்பதால் குழப்பும். முளைகட்டிய பச்சைப்பயற்றை எடுங்கள். அதில் சமையல் செய்யும் பச்சை இலை இன்னும் வரவில்லை, நடப்பது சுவாசம்தான். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நீரில் கலக்கி இரவு முழுவதும் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஊறுகாய் புட்டிகள். ஒன்றில் முளைப்பயறு, ஒன்றில் வேகவைத்து ஆறிய பயறு, ஒன்று காலி. மூன்றுக்குள்ளும் ஒரு சிறு மூடியில் சுண்ணாம்பு நீர். கரியமில வாயு கலந்தால் அது பால்போல் ஆகும். இறுக மூடி மேசைமேல், பட்டப்பகலில் வையுங்கள். பகலில் வைப்பதுதான் முக்கியம். முளைப்பயற்றுப் புட்டியில் சுண்ணாம்பு நீர் பாலாக மாறும்போது, "இரவில் மட்டும்" என்று எழுதிய 24 பேரும் அதைத் தங்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

சூழ்நிலை மண்டலத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: அந்த வேப்பமரத்தின் எடை எங்கிருந்து வந்தது? எல்லாரும் மண் என்பார்கள். வான் ஹெல்மான்ட் என்ற அந்தக் கால அறிஞர் 200 ராத்தல் (பவுண்டு) உலர்ந்த மண்ணில் 5 ராத்தல் வில்லோக் கன்றை நட்டு ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 169 ராத்தல் ஆனது, மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் நினைத்துவிட்டார். காற்றின் பங்கு அவருக்குத் தெரியவில்லை. நம் ஊரில் இதற்குத் தராசே வேண்டாம். ஒரு கட்டு விறகை எரித்தால் மிஞ்சுவது இரண்டு பிடிச் சாம்பல். அந்தச் சாம்பல்தான் மண் கொடுத்தது. புகையாகவும் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவும் போனதெல்லாம் காற்றும் நீரும் கொடுத்தது, வந்த இடத்துக்கே திரும்பிவிட்டது.

உணவுச் சங்கிலியில் ஒரு படியில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு போல மட்டும் அடுத்த படிக்குப் போகிறது என்று சொல்லிக்கொடுப்போம். லிண்ட்மன் என்ற சூழலியல் அறிஞரின் 1942-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து அது. மீதி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மாடு வைக்கோலைத் தின்றதில் ஒரு பங்கு செரிக்காமல் சாணமாகப் போகிறது. செரித்ததில் பெரும்பங்கு மாட்டின் சுவாசத்தில் எரிந்து வெப்பமாகப் போகிறது. மார்கழி விடியலில் மாட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே புரியும். இரண்டு பாடங்களும் சேரும் இடம் இதுதான்.

அணைக்கட்டு விவசாயி | பதில்

டீச்சருக்கு வணக்கம். இலவம்பாடிப் பக்கம் நெல்லும் முள்ளுக்கத்தரியும் வைக்கிறேன். பத்தாவது வரைதான் படித்தேன். வாத்தியார் ஐயா சொன்ன முளைப்பயற்றைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி வைப்போம். மறுநாள் சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டால் சுடும். வெயில் படாத மூலையில் வைத்ததுதான், ஆனாலும் நடுவில் அவ்வளவு சூடு. அதிகமாகச் சூடேறினால் முளை கெட்டுவிடும் என்பதால் நீர் தெளித்துப் புரட்டிவிடுவோம். இதுவும் நெல்லின் சுவாசம்தானே ஐயா?

இன்னொன்று. என் மைத்துனர் பண்ணைக் குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறார். சாணம் கொஞ்சம் அதிகமாகி நீர் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. பகலில் மீன்கள் நன்றாகத்தான் இருக்கும். மூன்று நாள் மூட்டமாக இருந்த பிறகு ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து குட்டைக்குள்ளேயே பீய்ச்சினோம். வெயில் ஏறியதும் சரியாகிவிட்டது. பாசி பகலில் கொடுத்ததை இரவில் பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து தீர்த்துவிடும், சூரியன் உதிக்கும் முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்று மீன்வளத் துறையில் சொன்னார்கள். உங்கள் பாடத்துக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

ஆடியில் சம்பாவுக்கு விதை கட்டுவேன். பிள்ளைகளைக் கூட்டி வர முடியாவிட்டால் சொல்லுங்கள், ஒரு சாக்கைப் பள்ளிக்கே கொண்டு வருகிறேன்.

குடியாத்தம் ஆசிரியை | மூன்று வாரம் கழித்து

எல்லாருக்கும் நன்றி. அணைக்கட்டு அண்ணன் சொன்னபடியே மொபெட்டில் சாக்கோடு வந்துவிட்டார். ஒவ்வொருவராகக் கையை விட்டுப் பார்த்தார்கள். வாயே திறக்காத ஒரு பையன் கையை வெளியே எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, "காய்ச்சல் அடிப்பதுபோல் இருக்கிறது டீச்சர்" என்றான். நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் உள்ளங்கையை முகர்ந்தும் பார்த்தார்கள். ஊறிய நெல்லின் வாடை பிற்பகல் முழுவதும் வகுப்பில் இருந்தது.

பாசித் தம்ளரில் வெயிலில் நிமிடத்துக்கு 43 குமிழி, தாழ்வாரத்து நிழலில் 6. எண்ணியது அந்தப் பாட்டியின் பேத்தி. காட்பாடி ஐயா சொன்ன பதிலையும் அவளிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். பாட்டி கேட்டுவிட்டு, "ஈர நெல்லைக் குவித்து வைத்தால் புழுங்கிப்போகும் என்று கிளறிக்கொண்டே இருப்போமே, அது இதுதானா?" என்றாளாம். மறுநாள் முதல் வேலையாக அதை என்னிடம் வந்து சொன்னாள்.

அதே தேர்வை மறுபடி வைத்தேன். இப்போது "இரவில் மட்டும்" என்று எழுதியவர்கள் 5 பேர். அந்த ஐந்து பேரையும் தனியாக உட்காரவைத்து மீன் குட்டை கதையைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். முளைப்பயற்றுப் புட்டியில் முதல் நாள் மாலையிலேயே சுண்ணாம்பு நீர் பாலானது. வேகவைத்த பயற்றுப் புட்டி தெளிவாகவே இருந்தது. அதை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். நான்காம் நாள் பார்த்தால் அதிலும் பால்போல் ஆகியிருக்கிறது. "வெந்த பயறு உயிர்த்துவிட்டதா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். பயற்றின்மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் படிந்திருக்கிறது.

காட்பாடி ஓய்வு வாத்தியார் | பதில்

அந்தப் புட்டியை எறிந்துவிடாதீர்கள் அம்மா! வெந்த பயறு சுவாசிக்கவில்லை. அந்த வெள்ளைப் பஞ்சு பூஞ்சை. கூடவே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் இருக்கும். பயற்றைத் தின்று, சுவாசித்து, கரியமில வாயுவை விடுவது அவைதான். அடுத்த பாடத்தில் சிதைப்பவை என்று வருகிறதே, அவை தாமாகவே உங்கள் வகுப்புக்கு வந்துவிட்டன. மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்க்கவிட்டு, நாள்தோறும் என்ன மாறுகிறது என்று வரையச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துத் தோட்டத்து மூலையில் குழி வெட்டி, பிள்ளைகள் முகத்தைத் தள்ளி நிற்க, நீங்களே கொட்டி மூடிவிடுங்கள். செம்பருத்திக்குப் பக்கத்தில் வெட்டினால் நல்லது.